அரை நாள் மலை மடுப் பயணம்: வழிகாட்டியோடு போகலாமா, நாமே போய்விடலாமா?

நீலாம்பல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விடுமுறைக்குப் போகும் மலைப்பகுதியில் அரை நாள் மடுக் குளியல் என்று ஒரு பயணம் இருக்கிறது. காலையில் தங்குமிடத்துக்கே வண்டி வரும். ஓடையோரமாக ஒரு மணி நேரம் நடை. அடுத்தடுத்து மூன்று பாறை மடுக்களில் நீந்தவிட்டு, மதியத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம்.

கணவர் நன்றாக நீந்துவார், ஆனால் பழக்கமெல்லாம் நீச்சல் குளத்தில்தான். நான் சுமார். மகளுக்குப் பத்து வயது. தண்ணீரைக் கண்டால் கரையில் நிற்கமாட்டாள். மாமியாரும் உடன் வருகிறார். நடையில் எங்கள் மூவரையும் பின்தள்ளிவிடுவார், நீச்சல் மட்டும் தெரியாது.

கணவர், “பாதைதான் வரைபடத்திலேயே இருக்கிறதே, இதற்கு எதற்கு ஓர் ஆளுக்குக் காசு?” என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: படங்களில் தண்ணீர் பச்சையும் நீலமுமாக இருக்கிறதே, உண்மையிலேயே அப்படித்தானா, அல்லது படத்தில் ஏற்றிய நிறமா?

ஒற்றையடிப்பாதை எழுதியது:

உங்கள் கணவர் பக்கம் நான். ஓடையோரப் பாதையில் வழி தவறுவதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர் மேலிருந்து வருகிறது, நீங்கள் கீழிருந்து போகிறீர்கள், அவ்வளவுதான். வழிகாட்டியோடு போனால் முன்பின் தெரியாதவர்களோடு வரிசைகட்டி நடக்க வேண்டும். நீரில் இறங்கி உடம்பு பழகுவதற்குள் “அடுத்த மடுவுக்குக் கிளம்பலாம்” என்று கைதட்டுவார்கள். ஆளரவமில்லாத மடுவில் மல்லாந்து மிதப்பதற்காகத்தான் மலைக்கே போகிறோம், அதையும் கும்பலோடு செய்ய வேண்டுமா?

விடிந்ததும் கிளம்புங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போதும்.

நீர்க்கோழி எழுதியது:

பாதையைப் பற்றி ஒற்றையடிப்பாதை ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. நடப்பதற்கு வழிகாட்டி வேண்டாம். பாதை முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்துக்குத்தான் வேண்டும். கொஞ்ச காலம் இந்த வேலையைச் செய்தவன் என்ற உரிமையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நீச்சல் குளம் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும். மடு அப்படி இருக்காது. ஒரு பெருமழை போதும், மேலேயிருந்து அடித்துவரப்பட்ட மரம் நீருக்கடியில் குறுக்கே செருகிக்கொண்டிருக்கும். போன பருவத்தில் கால் எட்டாத இடம் இன்று சரளை நிரம்பி மேடாகிக் கிடக்கும். போன ஆண்டு எடுத்த படத்தையும் வீடியோவையும் பார்த்துவிட்டு வந்து அதே பாறையிலிருந்து குதிக்கிறவர்களுக்கு இது தெரியாது. 3 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுவீர்கள். 5 மீட்டர் என்றால் 36, 10 மீட்டர் என்றால் 50. அந்த வேகத்தில் தலை முதலில் போய், அடியில் கல் இருந்தால் முடிந்தது கதை. ஒழுங்கான வழிகாட்டி அன்றன்று காலையில் தானே முதலில் இறங்கி, கண்ணாடி போட்டு அடியைப் பார்த்து, கால்களால் துழாவிவிட்டுத்தான் மற்றவர்களை விடுவார்.

அடுத்தது ஆழம். தெளிந்த நீர் எப்போதும் தன் ஆழத்தைக் குறைத்துத்தான் காட்டும். நேர் மேலிருந்து பார்க்கும்போதே 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். நீலாம்பல் சகோதரி, உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் இது ஆபத்து. 1 மீட்டர் என்று தோன்றுகிற இடம் உண்மையில் 1.3 மீட்டருக்கும் மேல். மார்பளவுதான் என்று நம்பிக் காலை வைப்பாள், மூக்கும் முழுகிவிடும்.

அருவி விழுகிற இடத்து வெள்ளை நுரையும் அப்படித்தான். பார்க்க அழகு, ஆனால் அதில் பாதி காற்று. காற்று கலந்த நீர் ஆளைத் தூக்கிப் பிடிக்காது, நல்ல நீச்சல்காரரும் அமிழ்வார். விழுகிற நீர் அடிவரை போய்ச் சுருண்டு மறுபடி அருவியின் காலடிக்கே இழுத்துவரும். இதைவிடவும் நான் அஞ்சுவது மடுவிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய்க்குத்தான். பெரிய பாறைகளின் இடுக்கு வழியாக நீர் புகுந்து அடுத்த பக்கம் வெளிவரும். தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. அமைதியாகத் தெரிகிற அந்த மூலையில்தான் இழுப்பு அதிகம். எந்த மூலை என்று வரைபடத்தில் போட்டிருக்காது.

கூழாங்கல் எழுதியது:

நிறத்தைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பெரும்பாலும் உண்மை நிறம்தான். சுத்தமான நீர் வெளிச்சத்தின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை மிச்சம் வைக்கும், அதனால் ஆழமான மடு நீலமாகத் தெரிகிறது. பனியாறு பாறையை அரைத்த மிக நுண்ணிய தூள் கலந்திருந்தால் பால் கலந்த நீலம். சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் பச்சை கலந்த நீலம். ஆனால் வெயில் நேராக விழும்போதுதான் படத்தில் வருகிற நிறம் கிடைக்கும். பள்ளத்தாக்கில் வெயில் தாமதமாகத்தான் இறங்கும், அதனால் விடியற்காலையில் போனால் கரும்பச்சையாகத்தான் இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இந்த மடுக்கள் எப்படி உண்டாயின என்று தெரிந்தால் நீர்க்கோழி சொன்னது இன்னும் விளங்கும். இரண்டு வகைதான் அதிகம். அருவி விழுந்து விழுந்து அடியைத் தோண்டியது ஒன்று. சுழலில் மாட்டிக்கொண்ட கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்தது இன்னொன்று. அதன் அடியில் பாருங்கள், குடைந்த கல்லே உருண்டையாகி ஆட்டுக்கல் குழவிபோல உட்கார்ந்திருக்கும். பாறை இப்படித் தேய எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகும். சுவர் கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும், சில இடங்களில் அடிப்பக்கம் வாயைவிட அகலமாக இருக்கும். விளைவு என்ன? சறுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம், ஏறிவர ஒரு பிடிகூட இருக்காது. ஆகவே இறங்குமுன் எங்கே ஏறப்போகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் ஏறுவழி தெரியாத மடுவில் நான் இறங்குவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. சுண்ணாம்பு கரைந்த நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறும்போது சுண்ணாம்பு படிந்து படிந்து அணைபோலக் கட்டிக்கொள்ளும். குரோவேஷியாவின் பிளிட்விட்சே ஏரிகள் அப்படிப்பட்டவை. 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கட்டுகிற அணை அது, மிதித்தால் உடையும். அங்கே நீந்தவே அனுமதி இல்லை. உங்கள் பயணத்தில் அப்படிப் படிக்கட்டு வடிவ மடுக்கள் இருந்தால் வழிகாட்டி காட்டுகிற இடத்தில் மட்டும் கால் வையுங்கள்.

வெயில்விரும்பி எழுதியது:

பாறை ஆராய்ச்சி இருக்கட்டும். அரை நாள் என்று சொல்கிறார்களே, தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன ஒரு பயணத்தில் வண்டியில் வளைந்து வளைந்து போனது பாதி, உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டது கால், படம் எடுத்தது மீதி. வழிகாட்டி என்று வந்த தம்பி நாங்கள் நீரில் இருந்தபோது கரையில் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிர்ந்தது படம் எடுக்கச் சொன்னபோது மட்டும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வம்பு வாங்க விருப்பமில்லை.

ஈரத்துணி எழுதியது:

வெயில்விரும்பிக்கு ஒரு வார்த்தை: மலை நீரில் மொத்தம் அரை மணி நேரம் கிடைத்தால் அது குறைவே அல்ல. நான் செவிலியர், பேசப்போவது குளிரைப் பற்றி.

உயரம் 1000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். நிழலான பள்ளத்தாக்கில் ஓடும் நீர் அதைவிடவும் குளிரும். 15 பாகைக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமலே ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். பிறகு மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். ஓரிரண்டு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். குளிர்ந்த நீரில் நடக்கும் பல சாவுகள் உடல் விறைப்பதற்கு வெகுமுன்பே, இந்தத் தொடக்கத்தில்தான் நடக்கின்றன. நீச்சல் திறமை இதற்கு உதவாது.

அதனால் குதிக்காதீர்கள். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், கைகள், முகம், பின்கழுத்து என்று நனைத்து, மூச்சு சீரான பிறகு மார்பளவு நீருக்குப் போங்கள். தவறி விழுந்துவிட்டால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தைகளின் தோல்பரப்பு அதிகம், சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள், விளையாட்டு மும்முரத்தில் சொல்லவும் மாட்டார்கள். உதடு நீலமாகிறதா, பல் கிட்டுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் பழகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அது மோசமான அறிகுறி.

கரையேறிய பிறகும் சற்று நேரம் உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே வந்து பத்து நிமிடம் கழித்து நடுங்குவது அதனால்தான். ஈரத்தை உடனே களைந்து உலர்ந்த ஆடை, தலைக்குத் தொப்பி. பேச்சும் படமும் பிறகு. மாமியாருக்கு இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும், மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

எல்லோரும் சேர்ந்து அந்த அம்மாவைப் பயமுறுத்திவிட்டீர்கள். பனிக்கட்டியை உடைத்துக் குளிக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

ஈரத்துணி எழுதியது:

இருக்கிறார்கள் ஐயா. தொடர்ந்து சிறிது சிறிதாகப் பழகினால் அந்த முதல் அதிர்ச்சி குறையும், அதுவும் மருத்துவம் ஒப்புக்கொண்டதுதான். விடுமுறைக்கு வந்த முதல் நாளே அந்தப் பழக்கம் வந்துவிடாது.

நீலாம்பல் எழுதியது:

பயமில்லை, எல்லாம் குறித்துக்கொள்கிறேன். இன்னும் சில சில்லறைக் கேள்விகள். அங்கே உடை மாற்றக் கட்டடமெல்லாம் இருக்காதல்லவா? என்ன உடுத்திக்கொள்வது? காலில்? மாமியாரைக் கரையில் தனியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் நீந்தினால் அவருக்கு என்ன பொழுதுபோக்கு?

பாறைப்பூ எழுதியது:

இதெல்லாம் சில்லறைக் கேள்வியா? எனக்கு இதுதான் முதல் கேள்வி!

உடை மாற்ற ஒன்றுமே இருக்காது, பாறை மறைவுதான். முழங்காலுக்குக் கீழே வரும் தொளதொளப்பான துவாலை அங்கி ஒன்றை வாங்கிவிடுங்கள். தலைவழியாகப் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், எவர் முன்னாலும் கூச்சப்பட வேண்டாம். நீந்த உடம்போடு ஒட்டிய, சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணி. பருத்தி வேண்டாம், நீர் குடித்துக் கனக்கும், காய நேரமாகும், அதுவரை குளிரும். காற்றில் பறக்கிற நீள ஆடைகள் நடக்கும்போது சரி, நீரோட்டத்தில் காலைச் சுற்றும். வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சலுடை) தருகிறார்கள் என்றால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. லைஃப் ஜாக்கெட் மகளுக்கு அளவாக இருக்க வேண்டும், பெரியவர்களுடையதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது கூடாது. ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; காதுவரை ஏறினால் வேறு கேளுங்கள்.

காலுக்கு விரல் மூடிய, ரப்பர் அடி உள்ள காலணி. செருப்பு முதல் பாறையிலேயே கழன்று ஓடையோடு போய்விடும். வெளுத்து உலர்ந்த பாறையை நம்பலாம். கறுத்து ஈரமாகப் பளபளக்கிற பாறையில் கண்ணுக்குத் தெரியாத பாசிப் படலம் இருக்கும். அங்கே உட்கார்ந்து நகர்வதில் வெட்கமே வேண்டாம், நான் அப்படித்தான் நகர்கிறேன்.

சோப்பு, ஷாம்பு கொண்டுபோகாதீர்கள். வெயில் களிம்பைத் தடவிக்கொண்டு உடனே மடுவில் இறங்கினால் எண்ணெய்ப் படலம் மிதக்கும், முழுக்கைச் சட்டையே மேல். மேகம் இருந்தாலும் சட்டை தேவை, உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சிறுநீர் கழிக்க ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளிப் போங்கள், கிளம்பும் இடத்திலேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

மாமியாரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதல் மடுவின் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் சரளைத் திட்டு இருக்கும், கால் நனைத்து உட்கார அதைவிட இடமில்லை. அவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள், நீர்க்கோழி சொல்வார் பாருங்கள்.

நீர்க்கோழி எழுதியது:

பாறைப்பூ என்னை வம்பில் மாட்டிவிட்டார். ஆனால் உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் நீர்விளிம்பை ஒட்டி, ஈரம் படாமல், ஒரு சின்னக் கல்லை வைப்பேன். கரையில் இருப்பவர் அவ்வப்போது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கல் நனைந்தால் நீர் ஏறுகிறது என்று பொருள். நனைந்தவுடன் எல்லோரும் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும், காரணத்தைப் பிறகு பேசலாம். தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருவது, ஓடையின் இரைச்சல் கனத்துப்போவது, இவையும் அதே எச்சரிக்கை.

உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் வடியும். ஸ்விட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸட்டன் ஓடையில் 1999 ஜூலை 27 அன்று இப்படித்தான் ஆயிற்று. மேலே இடிமழை பெய்து காட்டாற்று வெள்ளம் வந்தது, பள்ளத்தாக்குக்குள் இருந்த 21 பேர் இறந்தார்கள்.

பயணங்களைக் காலையிலேயே வைப்பதற்கும் இதுதான் காரணம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, ஈரக்காற்று மேலெழுந்து, மதியத்துக்கு மேல்தான் மலைகளில் இடி மேகம் கட்டும். பனி உருகி வரும் ஓடைகளிலும் விடியலில் நீர் குறைந்து, பிற்பகலில்தான் பெருகும். ஆகவே “மதியப் பயணமும் இருக்கிறது, சலுகை விலை” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இடி கேட்டால் நீரை விட்டு வெளியேறி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை இறங்கக் கூடாது.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

நீர்க்கோழி, உங்கள் எடுத்துக்காட்டு உங்களுக்கே எதிராக நிற்கிறது. அந்த விபத்தைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். இறந்த 21 பேரில் மூன்று பேர் வழிகாட்டிகள். அது காசு கொடுத்துப் போன, வழிகாட்டியோடு போன பயணம். இடிமழை வரும் அறிகுறியோடு உள்ளே அழைத்துப் போனதே நிறுவனம்தானே? தனியாகப் போயிருந்தால் மழை மேகத்தைப் பார்த்துவிட்டு நான் திரும்பியிருப்பேன். காசு வாங்கியவனுக்குத் திரும்ப மனம் வராது. என் வாதமே இதுதான்.

நீர்க்கோழி எழுதியது:

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், அதைத்தான் சொல்ல வந்தேன். நிறுவனப் பொறுப்பாளர்கள் சிலர் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதாக 2001-ல் அங்கே தண்டிக்கப்பட்டார்கள். பிறகு இத்தகைய தொழிலுக்கு உரிமமும் தகுதிச் சான்றும் வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 2014-ல் நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டி என்று ஒருவர் முன்னால் நடப்பதால் யாரும் காப்பாற்றப்படுவதில்லை. காசு வாங்கிய பிறகும் “இன்று வேண்டாம், திரும்புவோம்” என்று சொல்கிற ஆளாக அவர் இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

சகோதரி, முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்: “எந்த நிலையில் பயணத்தை நிறுத்துவீர்கள்? கடைசியாக எதற்காக நிறுத்தினீர்கள்?” ஒருபோதும் நிறுத்தியதில்லை என்று பெருமையாகச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் முக்கியம். திருப்பித் தருகிற ஏற்பாடு இருந்தால்தான் வழிகாட்டிக்கு நிறுத்தும் துணிவு வரும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், வீசு கயிறு கையில் இருக்குமா, கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் உதவிக்கு எப்படி அழைப்பார், நீச்சல் தெரியாதவரோடு கரையில் யார் இருப்பார், இவற்றையும் கேளுங்கள். எத்தனை மடு, எத்தனை படம் என்பதெல்லாம் கடைசியில்.

ஈரத்துணி எழுதியது:

மறந்துவிட்டேன். காலில் சிராய்ப்போ ஆறாத புண்ணோ இருந்தால், குறிப்பாக மழைக்கு அடுத்த நாட்களில், இறங்காதீர்கள். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக எளிதில் நுழையும். போய்வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் மருத்துவரிடம் மடுவில் குளித்ததைச் சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்க வேண்டாம்.

கூழாங்கல் எழுதியது:

அதோடு இதையும். வேறொரு ஓடையில் நனைந்த காலணியை ஈரத்தோடு இங்கே கொண்டுவராதீர்கள். தவளை இனங்களையே அழித்துவரும் ஒருவகைப் பூஞ்சை அப்படியும் மலைக்கு மலை பரவலாம். நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்தால் அது செத்துவிடும்.

நீலாம்பல் எழுதியது:

இரண்டு இடங்களில் பேசிவிட்டேன். முதல் ஆள், “எந்தக் காலநிலையிலும் போவோம் மேடம், மழையில்தான் அருவி அழகு” என்றார். நீர்க்கோழி ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டதும், “அப்படியெல்லாம் நிறுத்தினதே கிடையாது” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் ஒரு பெண்மணி எடுத்தார். நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்: மகளின் எடை என்ன, யார் யாருக்கு நீச்சல் தெரியும், யாராவது மருந்து சாப்பிடுகிறார்களா. மூன்றாவது மடுவை உறுதியாகச் சொல்ல முடியாது, அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு, போன வாரம் இரண்டோடு திரும்பிவிட்டோம் என்றார். எங்கள் நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி, மாமியாருக்கு என்று கரையில் உதவியாளர் ஒருவர். முந்தைய மாலை வானிலை பார்த்துவிட்டு அழைப்பார்களாம், வேண்டாம் என்றால் முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும். அங்கேயே பதிவு செய்துவிட்டேன். கணவருக்கு, பாறையிலிருந்து குதிக்க விடமாட்டார்கள் என்பதில் மட்டும் வருத்தம்.

ஒற்றையடிப்பாதை எழுதியது:

அந்தப் பெண்மணியிடமென்றால் நானே போவேன். மூன்றாவது மடு இல்லையென்றால் வருந்தாதீர்கள். அந்த நேரத்தை இரண்டாவதில் செலவிடக் கேளுங்கள், கைதட்டிக் கிளப்பாமல் இருந்தால் சரி.

வெயில்விரும்பி எழுதியது:

மூக்குக்கண்ணாடி போடுகிறவர் இருந்தால் பின்கழுத்தில் கட்டும் வார் வாங்கிக்கொள்ளுங்கள். மோதிரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், குளிர்ந்த நீரில் விரல் சுருங்கித் தானே கழன்றுவிடும்.